சுண்டுவிரலில் மை

பெப்ரவரி 3, செவ்வாய்

அதிகாலை வேலை. விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் எங்கள் தொழிற்சாலையில், குளிர் அறைக்கு உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் இந்த மாதத்தில் ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் மிளகாய்த்தூளுக்கு வறுத்தேன். புகை அலாரம் கத்தியது. இவர் துவாயால் விசிறி அதை அடக்கினார். ஊரெல்லாம் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு வீட்டில் இருக்கும் ஒரே பொறுப்பு அதுதான்.

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கொடுக்கப் போகிறார்களாம். செய்தியில் அதே பேச்சு. நான் இந்த லண்டனுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பிரதமர்களைப் பார்த்துவிட்டேன். கடைசியாக வந்தவர்கள் போன வேகத்தைப் பார்த்தால், எங்கள் தொழிற்சாலைக்குக் கிறிஸ்துமஸ் வேலைக்கு வருகிறவர்கள்கூட அவர்களைவிட நின்று பிடிப்பார்கள். பெரியவர்கள் வாக்குப் போட்டே இந்தக் கதி. இனிச் சின்னவர்களும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. என் மகள் மிதுராவுக்குப் பதினாறு. தன் காலுறைக்குச் சோடி தேடத் தெரியாது. அவள் எனக்குப் பிரதமர் தேடித் தரப் போகிறாள்.

பார்க் ரோட்டில் இருக்கும் இளைஞர் நிலையத்தை எங்கள் ஹார்ட்மியர் கவுன்சில் மூடப் போவதாகவும் கேள்வி. நல்லது. மூடட்டும். பின்னேரங்களில் மேசைப்பந்து அடிப்பதற்கு ஒரு கட்டடமா? அந்தக் காசில் குப்பையை வாரா வாரம் எடுக்கலாம்.

முறுக்குப் போட்டு வைக்கும் பெரிய தகரப் பேணியைக் காணவில்லை. இவரைக் கேட்டால் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மிதுரா ஏழு மணிக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் சிநேகிதிகளோடு படிக்கிறவள். தலை முழுக்க மழைத் தண்ணீர். இடது கைச் சுண்டுவிரல் நுனியில் ஊதா நிறத்தில் அப்பிக்கொண்டு ஏதோ.

"என்ன பிள்ளை இது?"

"பேனை ஒழுகிப் போச்சு அம்மா."

சோப்புப் போட்டுத் தேய் என்றேன். தேய்த்தும் போகவில்லை. இந்தக் காலத்துப் பேனைகள்.

பெப்ரவரி 6, வெள்ளி

ஹார்ட்மியர் ஹெரால்ட் கதவுக்குள் விழுந்தது. இலவசப் பத்திரிகை, வீட்டு விற்பனை விளம்பரங்களுக்கு நடுவே கொஞ்சம் செய்தி. இந்தக் கிழமை முதல் பக்கத்தில் பார்க் ரோட் இளைஞர் நிலையத்தின் படம். இருட்டு, மழை, சுவர் ஓரமாகத் தலையை மூடிய சட்டைகளோடு நீளமாக நிற்கும் பிள்ளைகள். முகம் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நிற்கிற ஒன்று, முதுகில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கையை உயர்த்திச் சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் காட்டுகிறது. "அச்சத்தில் பார்க் ரோட்" என்று தலைப்பு. படத்துக்குக் கீழே, கும்பல்களின் இரகசியச் சைகை என்று நம்பப்படுகிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு தரம் வாசித்தேன். இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்டுமில்லை. நல்ல படம்."

இப்படிப்பட்ட மனிதரோடுதான் என் காலம் போகிறது.

நாளை சனிக்கிழமை. வானொலியில் சொல்ல எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

பெப்ரவரி 7, சனி

தேம்ஸ் தமிழ் வானொலியின் "சனிக்கிழமைச் சந்தி"க்கு நான் போன் எடுக்காத வாரமே இல்லை. நிகழ்ச்சி நடத்தும் ஜெயசோதி, "ஹார்ட்மியரிலை இருந்து எங்கட யோகம் அக்கா" என்று சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை இருக்கும். கடையில் மரக்கறி வாங்கும்போது என் குரலைக் கேட்டே ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மேடைப் பேச்சாளர் மாதிரி என்று ஒருத்தி சொன்னாள்.

இன்றைக்கு நன்றாகப் பேசினேன். படத்தை விளக்கினேன். கடைசியில் சொன்னேன்: "ஜெயசோதி, இந்தப் பிள்ளையளின்ர தாய்மார் எங்கை? தன்ர பிள்ளை மழைக்குள்ளை ரோட்டிலை நிண்டு கும்பல் சைகை காட்டுறது தெரியாமல் வீட்டிலை என்ன செய்யினம்? இதுகளுக்குத்தான் வோட்டாம்!"

ஜெயசோதி, "சரியாச் சொன்னீங்கள் அக்கா" என்றார். அதற்குப் பிறகு எடுத்த நாலு பேரும் என் பக்கம்தான். மீன் கறி வைத்தேன். நல்ல சூரை கிடைத்திருந்தது.

பெப்ரவரி 8, ஞாயிறு

மிதுரா பேசவில்லை. தடிமன், சளிக் காய்ச்சலாக இருக்கும். மல்லி அவித்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

மழை. மிதுரா குடை எடுத்துப் போகவில்லை என்று வேலை முடிந்து வந்து பார்த்தேன். பாவம், இன்றைக்கும் நனையப் போகிறாள் என்று குடையோடு நூலகத்துக்கு நடந்தேன்.

நூலகம் பூட்டியிருந்தது. கதவில் அறிவித்தல்: செலவுக் குறைப்பு, செவ்வாய்க்கிழமைகளில் திறப்பதில்லை. போன வருடத்துத் தேதி போட்டிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் எந்த அமைச்சர் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் தெருக்கோடியில் நூலகம் பூட்டிக்கிடக்கிறதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இவருக்கு போன் பண்ணினேன். இடைவேளையில் இருந்தார்.

"மிதுரா எங்கை போறாள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"சொல்லுங்கோ!"

"அவள் உமக்குச் சொல்லேல்லை எண்டால் நான் எப்பிடிச் சொல்லுறது? கெட்ட இடமில்லை. அவ்வளவுதான்." வைத்துவிட்டார்.

மிதுரா வந்ததும் கேட்டேன். முதலில் சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக. அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"சொன்னால் நீங்கள் சனிக்கிழமை ரேடியோவிலை சொல்லிப்போடுவீங்கள் அம்மா."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் இரவுக்குப் புட்டு அவித்தேன். ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் என்ன, பெற்ற பிள்ளையைப் பற்றி வானொலியில் சொல்கிறவளா? எனக்கு அழுகை வந்தது. எழுதத்தான் வேண்டும், வந்தது.

பெப்ரவரி 14, சனி

ஒழுங்காக எழுதுகிறேன்.

வழக்கம்போல் எடுத்தேன். ஹெரால்ட் இந்த வாரமும் பார்க் ரோட்டைப் பற்றி எழுதியிருக்கிறது, இருபத்தாறாம் தேதி கவுன்சில் கூட்டத்தில் மூடுவதற்கு வாக்கெடுப்பு என்று. நான் வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஜெயசோதி இன்னொருவரையும் இணைப்பில் எடுத்தார். சவுத்தோல் பரராஜசிங்கம் அண்ணை. ஊரில் தபாலகத்தில் இருந்தவர், எப்போதும் இருமலோடு ஆரம்பிப்பார்.

"தங்கச்சி, நானும் அந்தப் படத்தை வாங்கிப் பாத்தனான். என்ர மருமகள் போனிலை பெருசாக்கிக் காட்டினவ. அந்தப் பிள்ளையின்ர விரலிலை ஊதா நிறம் கிடக்குது."

"அதுக்கு?"

"அதுக்கு என்னவோ? இடது கை, சின்னவிரல், நகத்திலை மை. அது வோட்டுப் போட்ட விரல் எல்லோ! ஊரிலை சின்னவிரலிலைதானே பூசுவினம், எத்தினை தரம் நாங்கள் அந்த மையோடை வீட்டை வந்தனாங்கள்? இஞ்சத்தை வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, சரி. உமக்கும் தெரியேல்லையோ?"

ஜெயசோதி, "அக்கா? அக்கா லைனிலை இருக்கிறீங்களோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. என் கண்ணுக்கு முன்னால் குழாய்த் தண்ணீரில் மிதுரா விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். கதவுக்குப் பின்னால் அவளுடைய சட்டை கொளுவியில் தொங்குகிறது. அதன் முதுகில் வெள்ளைக் கோடு. நான் வாங்கிக் கொடுத்த சட்டை.

போனை வைத்துவிட்டேன். நடு நிகழ்ச்சியில் நான் வைத்தது இதுவே முதல் தடவை.

அவளுடைய கதவைத் தட்டினேன். கட்டிலில் இருந்தாள். வானொலி அவள் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, என் நிகழ்ச்சியை அவள் கேட்கிறவள்.

"அது நீயோ?"

"ஓம்."

"எதுக்கு அந்த வரிசை?"

"மாதிரித் தேர்தல் அம்மா. பதினாறு வயசிலை வோட்டு வந்தால் எங்களுக்கு எப்பிடிப் போடுறது எண்டு தெரியவேணும் எல்லோ. பார்க் ரோட்டிலை எல்லாரும் சேர்ந்து செய்தம். வாக்குச்சீட்டு, பெட்டி, எல்லாம். நான்தான் தேர்தல் அதிகாரி."

"மை?"

"அப்பா சொன்னவர், ஊரிலை அப்பிடித்தான் எண்டு. எல்லாருக்கும் அது நல்லாப் பிடிச்சுப் போச்சு. கமராவோடை ஒருத்தர் ரோட்டிலை நிண்டவர். நான் வோட்டுப் போட்டிட்டன் எண்டு அவருக்குக் காட்டினனான்."

அவ்வளவுதான். மழையில் வாக்குப் போட வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு வாக்குரிமை கொடுக்கக் கூடாது என்று நான் லண்டன் முழுக்கக் கேட்கப் பேசியிருக்கிறேன். தாய்மார் எங்கே என்றும் கேட்டிருக்கிறேன்.

"அந்த ஹெரால்ட்காரனை நான் விடமாட்டன்," என்றேன். "பிள்ளையளிட்டை ஒரு வார்த்தை கேக்காமல் எழுதுறதே?"

"நீங்களும் அதைத்தானே செய்தனீங்கள்," என்றாள்.

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

பெப்ரவரி 16, திங்கள்

ஹெரால்டுக்கு போன் பண்ணினேன். ஒரு பெண் எடுத்தாள். படம் உண்மையான படம்தானாம். "நம்பப்படுகிறது" என்றுதான் போட்டார்களாம். யார் நம்பியது என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். என் ஆங்கிலம் கோபம் வந்தால் நன்றாக வரும். கடைசியில் ஆசிரியரிடம் சொல்வதாகச் சொன்னாள். நான் அவரிடமே பேசும்வரை போனை வைக்கமாட்டேன் என்றேன். வைக்கவில்லை. திருத்தம் போடுகிறோம் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் வைத்தேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

மிதுரா, "வாறீங்களோ?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

பார்க் ரோட் நிலையம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமில்லை. உள்ளே சூடாக இருந்தது, அது முதல் விஷயம். ஒரு மூலையில் நாலு பேர் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். ஒரு பெண் பிள்ளை இன்னொருத்திக்குத் தலை பின்னிவிடுகிறாள். மேசைப்பந்தும் உண்டுதான். பொறுப்பாக இருக்கும் டெல்ராய் என்ற உயரமான மனிதர் ஒரு சட்டியில் சோறும் பயறும் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியோடு வந்து கை கொடுத்தார். வீட்டில் ஹீட்டர் போட வழியில்லாத பிள்ளைகள் இங்கே வந்துதான் படிக்கிறார்கள் என்றார். மூடினால் எங்கே போவார்கள் என்று கேட்டேன். அதைத்தான் தானும் கவுன்சிலிடம் கேட்கிறேன் என்றார்.

அலுமாரி மேல் என் முறுக்குப் பேணி. மூடியில் கத்தியால் வெட்டிய வாய். நாலு பக்கமும் ஒட்டுநாடா. வாக்குப் பெட்டி.

"பிள்ளை, இதை எப்பிடி இனி நான் மூடுறது?"

"மூடக்கூடாது அம்மா, அதுதான் விஷயம்," என்றாள். டெல்ராயும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சோற்றை ருசி பார்த்தேன். உப்புப் போதாது. சொன்னேன்.

பெப்ரவரி 21, சனி

வானொலிக்கு எடுக்க முன்னம் மிதுராவிடம் கேட்டேன்: "உன்னைப் பற்றிச் சொல்லலாமோ?" இப்படி நான் அவளிடம் அனுமதி கேட்டது இல்லை. "உண்மையைச் சொன்னால் சொல்லலாம்," என்றாள்.

சொன்னேன். "ஜெயசோதி, தாய்மார் எங்கை எண்டு கேட்டனான் எல்லோ. ஒரு தாய் இஞ்சை இருக்கிறன். படத்திலை நிக்கிறது என்ர மகள்." பிழையை ஒத்துக்கொள்வது கசப்பு மருந்து மாதிரி, ஒரே மூச்சில் விழுங்கவேண்டும். விழுங்கினேன். பிறகு ஹெரால்டுக்கு நாலு வார்த்தை, கவுன்சிலுக்கு எட்டு வார்த்தை. தொண்டை சரியாகிவிட்டது.

பிறகு அழைப்பு விட்டேன்: வியாழக்கிழமை, ஹார்ட்மியர் நகர மண்டபம், பார்வையாளர் பகுதி எல்லோருக்கும் திறந்தது, ஐந்தரைக்கு நிற்கவேண்டும்.

கூட்டம் ஏழு மணிக்குத்தான். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? ஆறு மணி என்று அச்சடித்த பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஏழரைக்குக் குத்துவிளக்குக்குத் திரி போடுகிறவர்கள். ஏழுக்கு வேண்டுமென்றால் ஐந்தரை என்று சொல்லவேண்டும். கணக்குச் சரி.

ஜெயசோதி கடைசியில் தன் பாட்டுக்கு ஒன்று சேர்த்துவிட்டார்: "நேயர்களே, இது வெள்ளைக்காரற்ற மீற்றிங். தயவுசெய்து நேரத்துக்குப் போங்கோ."

பெப்ரவரி 26, வியாழன்

எல்லாவற்றையும் எழுதவேண்டும், ஒன்றையும் விடக்கூடாது.

ஐந்தரைக்கு நானும் மிதுராவும் பஸ்ஸால் இறங்குகிறோம். நகர மண்டப வாசலில் சனம். எங்கள் சனம்! எல்லோரும் ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். இந்த நாட்டில் நான் பார்த்திராத அதிசயம். சால்வை, கம்பளித் தொப்பி, பிளாஸ்க்கில் தேநீர், தட்டு நிறைய ரோல்ஸ். பரராஜசிங்கம் அண்ணை மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நிற்கிறார். கதவு திறக்கவே ஆறு மணி ஆகும். காவலாளி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

இன்னொன்றும் கண்டேன். எல்லோருடைய இடது சுண்டுவிரலிலும் ஊதா மை.

"ஆற்ற வேலை அண்ணை இது?"

"என்ரதான். மருமகள் மார்க்கர் ஒரு பெட்டி வாங்கினவ," என்று இருமினார் பரராஜசிங்கம் அண்ணை. "கையைக் கொண்டாரும் தங்கச்சி."

"எனக்கு வேண்டாம் அண்ணை. சாப்பாட்டுத் தொழிற்சாலை. சுத்தம் பார்ப்பினம்," என்றேன். மிதுரா என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். தொழிற்சாலையில் சுத்தம் பார்ப்பது உண்மைதான்.

பார்வையாளர் பகுதியில் எங்களோடு டெல்ராயும் பார்க் ரோட் பிள்ளைகளும். இருக்கைகள் நிரம்பி, சுவரோரம் நிரம்பி, மிச்சப் பேர் வெளி நடையில். வழமையாக இரண்டு பேர் தூங்குகிற இடமாம் அது. கவுன்சிலர்கள் வந்து உட்கார்ந்து மேலே பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மே மாதம் அவர்களுக்குத் தேர்தல்.

தலைமை தாங்கிய மேயர், பொதுமக்கள் கை தட்டவோ சத்தமிடவோ கூடாது, மீறினால் வெளியேற்றப்படுவார்கள் என்றார். இளைஞர் சேவைக்குப் பொறுப்பான கவுன்சிலர் பிரௌன்லி அம்மா எழும்பி, இப்போதைய இளைஞர்கள் கட்டடங்களை விரும்புவதில்லை, எல்லாம் போனில்தான் என்றார். அவர் ஒரு நாளாவது பார்க் ரோட் பக்கம் வந்திருப்பாரா என்று எழும்பிக் கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. பிள்ளைகள் சார்பில் பேசக் கீழே இறங்கிப் போகும்போது மிதுரா, "அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்கக்கூடாது, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். உண்மையாகவே பொத்தினேன்.

அவளுக்கு மூன்று நிமிடம். ஒலிவாங்கி அவளுக்கு உயரம். இறக்கிக்கொண்டாள்.

"என் பெயர் மிதுரா தயாபரன். ஹெரால்ட் முதல் பக்கத்தில் நீங்கள் பார்த்த கும்பல் நான்தான்," என்றாள். கீழே யாரோ சிரித்தார்கள். "எங்களைப் பற்றிப் பத்திரிகை எழுதியது. வானொலி பேசியது. நீங்கள் முடிவெடுக்கப் போகிறீர்கள். எங்களிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் வரிசையில் நின்றது வாக்குப் போட. மழை பெய்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சென்ற தடவை உங்களைத் தெரிவு செய்த தேர்தலில், எங்கள் வட்டாரத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரியவர்கள் வாக்குப் போடவே இல்லை. அரசியலில் அக்கறை இல்லாதவர்கள் நாங்களா?"

மூன்றில் இரண்டு பங்கு என்று சொல்லும்போது அவள் மேலே என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. வெளிச்சம் அப்படி.

"நிலையத்தை மூடினால் நாங்கள் தெருவில்தான் நிற்போம். அப்போது ஹெரால்ட் இன்னொரு படம் எடுக்கும். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு." முடித்து உட்கார்ந்தாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. என் பிள்ளை!

கை தட்டக் கூடாது. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பரராஜசிங்கம் அண்ணை மெல்லமாகத் தன் இடது கையை உயர்த்திச் சுண்டுவிரலை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் உயர்த்தினார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். ஒரு சத்தம் இல்லை. மேயர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விரலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லைப் போலும்.

கவுன்சிலர்கள் அந்த விரல்களைப் பார்த்த விதம் எனக்கு மறக்காது. கும்பல் சைகை என்று ஒருவரும் நினைக்கவில்லை. மனதுக்குள் எண்ணினார்கள். அரசியல்வாதிக்கு வாக்கை எண்ணத் தெரியாமல் வேறு என்ன தெரியும்?

பார்க் ரோட்டை மூடும் பிரிவை வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நீக்கவேண்டும் என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் திருத்தம் கொண்டு வந்தார். ஆளும் கட்சியிலும் ஒவ்வொருவராகக் கை உயர்ந்தது. திருத்தம் வென்றது! பிரௌன்லி அம்மாவும் கடைசியில் கையைத் தூக்கியதை நான் கண்டேன்.

அப்போதுதான் கை தட்டினோம். மேயரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் ஆட்கள் விசிலும் அடித்தார்கள். மிச்ச ரோல்ஸை வாசலில் வைத்துக் கவுன்சிலர்களுக்கும் கொடுத்தோம். காவலாளி மூன்று சாப்பிட்டார். மிதுரா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லாருக்கும் முன்னால், இந்த வயதில்.

மார்ச் 6, வெள்ளி

ஹெரால்டின் முதல் பக்கத்தில் மண்டபப் படம், விரல்களோடு. "பார்க் ரோட்டின் வெற்றி" என்று தலைப்பு, தாங்களே வென்று கொடுத்த மாதிரி. சொன்ன திருத்தம் பதினான்காம் பக்கத்தில், மெத்தை விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில். இரண்டையும் வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். திருத்தத்தைத்தான் மேலே ஒட்டினேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் புத்தாண்டு. பொங்கினேன். முறுக்குப் பேணி இனித் திரும்பாது என்று புதிதாக ஒன்று வாங்கினேன்.

வாக்காளர் அட்டைகள் வந்திருந்தன. இவருடையதும் என்னுடையதும். ஒவ்வொரு வருடமும் பதிவுப் படிவத்தில் என் பெயரையும் இவர்தான் எழுதி அனுப்புகிறவர். என்னுடையதை எடுத்துச் சமையல் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்தேன். புத்தகத்தைத் திறந்தால் பழைய அட்டைகள் இன்னும் இரண்டு மூன்று.

மிதுரா அவற்றை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் ஒருக்காலும் வோட்டுப் போடேல்லை. என்ன?"

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் எனக்குப் பதினெட்டு வயதானபோது நடந்த தேர்தலை அவளுக்கு எப்படிச் சொல்வது? விரலில் மை இருந்தால், போடாதே என்று ஆயுதத்தோடு சொன்னவர்களுக்குப் பயப்படவேண்டும். மை இல்லாவிட்டால், போடு என்று ஆயுதத்தோடு சொன்னவர்களுக்குப் பயப்படவேண்டும். அப்பா கதவைப் பூட்டித் திறப்பை மடிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு இங்கே வந்தேன், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வேலை இருந்தது. ஒரு முறை வாக்குச்சாவடி வாசல் வரை போய், பயந்து திரும்பியதும் உண்டு.

இதில் எதையும் சொல்லவில்லை. "வேலை நேரம் ஒத்துவாறேல்லை" என்றேன்.

"மே ஏழாம் தேதி லீவு எடுங்கோ," என்றாள். "நான் கூட்டிக்கொண்டு போறன்."

மே 6, புதன்

லீவு எடுத்தேன். சேலையா, சல்வாரா என்று தெரியவில்லை.

மே 7, வியாழன்

சேலைதான். மாம்பழ நிறத்தில், கல்யாண வீடுகளுக்கு உடுக்கிறது. இவர் அதிகாலையிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மிதுராவுக்குப் பாடசாலை முடியும்வரை காத்திருந்தேன்.

வாக்குச்சாவடி எங்கே தெரியுமா? பார்க் ரோட் இளைஞர் நிலையம். அந்தச் சுவர், அதே வாசல். ஆனால் வெயில்.

என் கைப்பையில் கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை, குடியுரிமைச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், தண்ணீர் வரி. மிதுரா சிரித்தாள். "கடவுச்சீட்டு ஒண்டே போதும் அம்மா." பரவாயில்லை. நாங்கள் எல்லாவற்றையும் கொண்டு திரிந்து பழகியவர்கள்.

வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு போலந்துக்காரர், அவருக்கு முன்னால் நாயோடு ஒரு கிழவர். நெஞ்சு அடித்தது. யாரும் துவக்கும் சீருடையுமாக நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அடித்தது. மிதுரா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னாள்: "முதல்லை பேரைச் சொல்லுங்கோ. சீட்டுத் தருவினம். தடுப்புக்குப் பின்னாலை போங்கோ. குறுக்கும் மறுக்குமா ஒரு புள்ளடி போடுங்கோ, பேர் எழுதக்கூடாது. மடிச்சுப் பெட்டிக்குள்ளை. நாங்கள் செய்தமாதிரித்தான்."

"நீ உள்ளுக்கு வாறியோ?"

"தடுப்புக்குள்ளை நான் வரேலாது. அது உங்கடை இடம்."

போனேன். பெயரைச் சொன்னேன். சிவயோகமலர் தயாபரன். அந்தப் பெண் பட்டியலில் கோடு போட்டாள். அவ்வளவுதான், ஒரு கோடு. தடுப்புக்குப் பின்னால் நூலில் கட்டிய ஒரு பென்சில். பென்சிலா! அழித்துவிட்டால்? திரும்பி வந்து கேட்டேன். சொந்தப் பேனையும் பாவிக்கலாம் என்றார் அதிகாரி. என் பேனையால் போட்டேன். அழுத்திப் போட்டேன்.

யாருக்குப் போட்டேன் என்று எழுதமாட்டேன். வானொலியிலும் சொல்லமாட்டேன். இரகசிய வாக்கு என்றால் இரகசியம்தான். என்னுடைய ஒரு அபிப்பிராயத்தை நானே வைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு தனிச் சுகம்.

பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

வெளியே வந்து என் இடது கையைப் பார்த்தேன். வெறும் விரல். இந்த நாட்டில் மை வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் பார்த்தேன். ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

மிதுரா பள்ளிப் பையைத் திறந்தாள். ஊதா மார்க்கர்.

"கையைக் காட்டுங்கோ அம்மா."

"வேலையிலை சுத்தம் பார்ப்பினம்..."

"கையுறை போடுவீங்கள் எல்லோ. காட்டுங்கோ."

காட்டினேன். சுண்டுவிரலைப் பிடித்து, நகத்தின் அடியிலிருந்து நுனி வரை மெதுவாகப் பூசினாள். ஊதினாள். மை குளிர்ந்தது. என் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் எனக்கு மை வைத்த தேர்தல் அதிகாரி என் வயிற்றில் பிறந்தவள்.

அப்போது பார்க் ரோட் முனையில் ஒரு சிவப்பு பஸ் திரும்பியது. இவருடைய பஸ். எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் சுவருக்கு முன்னால், இடது கையை எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயர்த்திச் சுண்டுவிரலை நீட்டினேன். இவர் ஹோர்னை அழுத்தினார். விட்டு விட்டு, அந்தத் தெரு முடியும்வரை அழுத்தினார். வீட்டில் வாய் திறக்காத மனிதர்.

பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹெரால்ட்காரன் நின்றிருந்தால் என்ன தலைப்புப் போட்டிருப்பானோ. நான் கையை இறக்கவில்லை.